வலிக்கு ஆக்சிஜன் அறையா, அரசாங்க வலி கிளினிக்கா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் உடம்பில் வலி இல்லாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று சுற்றிலும் உள்ள தோட்டங்களில் உழைத்த உடம்புகள் இவை. பால்மரம் வெட்டியவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் தேய்ந்திருக்கும். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து செம்பனைக் குலை அறுத்தவர்களுக்குத் தோளும் கழுத்தும். குனிந்தபடியே உதிரிப்பழம் பொறுக்கிய பெண்களுக்கு முதுகு. தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி வந்த பிறகும் வலி மட்டும் விடவில்லை.

தோட்ட மருந்தகத்தில் எச்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இன்றும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கொஞ்ச காலமாக ஒரே மாதிரிக் கேள்விதான். "ஐயா, டவுன்ல ஆக்சிஜன் ரூம்ல படுக்க வைக்கிறாங்களாம். நாப்பது தடவை போனா வலியே இருக்காதுன்னு சொல்றாங்க. போகலாமா?" சும்மா பேச்சுக்குக் கேட்பதில்லை. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கிலிருந்து பணத்தை எடுத்து அம்மாவின் வலிக்குச் செலவு செய்யப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். அந்தப் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர் அழுத்த ஆக்சிஜன் (ஹைப்பர்பாரிக்) சிகிச்சை உண்மையான மருத்துவம்தான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் வலிக்கு அது முதல் வழியும் இல்லை, இரண்டாவது வழியும் இல்லை. சில குறிப்பிட்ட வலிகளுக்கு மட்டும் அதைத் தள்ளிப்போடாமல் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் போவது என்பதை வலியின் அளவு தீர்மானிக்காது. அந்த வலிக்கு மருத்துவர் வைக்கும் பெயர்தான் தீர்மானிக்கும். பெயர் தெரியாமல் எந்த வாசலிலும் பணம் கட்டாதீர்கள்.

அறைக்குள் என்ன நடக்கிறது

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. ரத்தத்தில் அதைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பியே இருக்கும். இன்னும் ஏற்ற இடமில்லை. அழுத்தம் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. சோடா போத்தலில் அழுத்தத்தால் கேஸ் தண்ணீரில் கரைவதுபோல, அழுத்தம் கூடக்கூட ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே நேரடியாகக் கரையும். சாதாரணக் காற்றில் 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைவது சுமார் 0.3 மில்லிதான். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சுமார் 6 மில்லியாகும். ஓய்வில் இருக்கும் உடம்புக்கு அதுவே ஏறக்குறையப் போதும். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் போரேமா, பன்றிகளின் உடம்பிலிருந்து சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுதும் எடுத்துவிட்டு, அழுத்த அறையில் தூய ஆக்சிஜனை மட்டும் கொடுத்து அவற்றைச் சிறிது நேரம் உயிரோடு வைத்திருந்து காட்டினார்.

சிகிச்சைக்குப் பொதுவாக 2 முதல் 2.4 மடங்கு அழுத்தம், ஒரு தடவைக்கு 60 முதல் 120 நிமிடம். ரத்த ஓட்டம் குறைந்த இடத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது, புதிய நுண்குழாய்கள் வளர்கின்றன, வீக்கம் வற்றுகிறது. ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கு வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, சதையை அழிக்கும் கிருமித் தொற்று, ஆறாத சில புண்கள், கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் வரும் திசுச் சேதம் ஆகியவற்றுக்கு இது உலகம் ஏற்றுக்கொண்ட சிகிச்சை. நம் பேராக்கிலேயே லூமுட் படைத்தள மருத்துவமனையில் இந்த அறை இருக்கிறது. கடற்படை முக்குளிப்பவர்களுக்காக வந்தது அது. இந்தத் துறையின் முக்கிய அமைப்பான அமெரிக்காவின் கடலடி, உயர் அழுத்த மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முதுகுவலி இல்லை, மூட்டுத் தேய்மானம் இல்லை, உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் இல்லை.

பட்டியலில் இல்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்றும் ஆகிவிடாது. சில வலிகளுக்கு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை என்ன சொல்கின்றன என்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் விளம்பரங்கள் இவற்றைத்தான் காட்டுகின்றன.

ஆய்வுகள் காட்டுவது

நம் பெண்களில் பலருக்கு உடம்பு முழுக்க வலி. தூங்கினாலும் களைப்பு தீராது, எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. வீட்டில் 'சும்மா சொல்கிறாள்' என்பார்கள். இவர்களில் சிலருக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. வலியை உணரும் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறி விழித்துக்கொண்டிருக்கும் நிலை. 2004இல் துருக்கியில் 50 நோயாளிகளை வைத்து, 15 தடவை அழுத்த ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார்கள், வலி குறைந்தது. 2015இல் இஸ்ரேலில் 60 பெண்களைச் சேர்த்தார்கள். வாரத்துக்கு 5 நாள், 40 தடவை, இரண்டு மடங்கு அழுத்தம். கடைசிவரை வந்த 48 பேரிடம் வலியும் களைப்பும் குறைந்ததோடு, மூளையின் இயக்கத்தைக் காட்டும் ஸ்கேனிலும் மாற்றம் தெரிந்தது.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் அந்த இஸ்ரேல் ஆய்வில் ஒப்பிடப்பட்டவர்கள், தங்கள் முறை வரும்வரை சிகிச்சை எதுவும் இல்லாமல் காத்திருந்த பெண்கள். அறைக்குள் போகிறவருக்குத் தாம் போவது தெரியும். இரண்டு மாதம் நாள் தவறாமல் ஓர் இடத்துக்குப் போவது, அங்கே ஒருவர் அன்பாகக் கவனிப்பது, வீட்டு வேலையிலிருந்து இரண்டு மணி நேர விடுதலை என்று இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பலன். எது ஆக்சிஜனால், எது கவனிப்பால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் பிரிக்கப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட வேண்டும். தலையில் அடிபட்டு, தலைவலியும் மறதியும் தீராத அமெரிக்கப் படைவீரர்களிடம் அப்படிச் செய்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான அழுத்த ஆக்சிஜன், இன்னொரு குழுவுக்கு அறைக்குள் கொஞ்சம் அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்று. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. இதன் பொருளைப் பற்றி மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்; அந்த லேசான அழுத்தமே மருந்தாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இருக்கிற பணத்தையெல்லாம் போடுவதற்கு முன் ஒரு குடும்பம் இந்த ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சி.ஆர்.பி.எஸ். என்று ஒரு வலி இருக்கிறது. கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டு, எலும்பு கூடிய பிறகும் கை வீங்கும், நிறம் மாறும், துணி பட்டாலே எரியும். குலை விழுந்து அடிபட்டவர்களிடமும், லாரியில் கை நசுங்கியவர்களிடமும் வரலாம். 2004இல் துருக்கியிலேயே 71 பேரிடம், போலிச் சிகிச்சையாக அறைக்குள் சாதாரணக் காற்றைக் கொடுத்தே ஒப்பிட்டார்கள். 15 தடவைக்குப் பின் ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு வலியும் வீக்கமும் கூடுதலாகக் குறைந்தன. நாள்பட்ட வலி பற்றிய ஆய்வுகளில் எனக்கு அதிக மதிப்பு இதன்மேல்தான். சின்ன ஆய்வுதான், இருந்தாலும் முறையாகச் செய்தது. சி.ஆர்.பி.எஸ்.ஸுக்கு அடிப்படை மருந்து சீக்கிரமே தொடங்கும் பிசியோதெரபி. அதைச் செய்தும் நகராதவர் மருத்துவரிடம் அறையைப் பற்றிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஒற்றைத் தலைவலிக்கு, வந்த வலியை நிறுத்த ஓரளவு உதவலாம், வராமல் தடுக்க உதவுவதாகச் சான்று இல்லை என்கிறது, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. வீட்டில் தலைவலி வந்தவுடன் அழுத்த அறைக்கு யார் ஓடுவது? அதை விடுங்கள். கண்ணைச் சுற்றிக் குத்தும் கிளஸ்டர் தலைவலிக்கு முகமூடி வழியே கொடுக்கும் சாதாரண ஆக்சிஜனே நல்ல பலன் தரும், அறையே தேவையில்லை.

முழங்கால் தேய்மானம், இடுப்பு வலி, தோள் இறுக்கம், சர்க்கரையால் வரும் பாத எரிச்சல்: நம் ஊரில் அதிகம் இருப்பவை இவைதான். இவற்றுக்கு அழுத்த ஆக்சிஜன் பலன் தரும் என்று நம்பக்கூடிய சான்று இல்லை. நாற்பது தடவை படுத்தாலும் தேய்ந்த குருத்தெலும்பு வளராது.

தள்ளிப்போடக் கூடாத வலிகள்

தோட்டப்புறத்தில் வெற்றிலை பாக்கோடு புகையிலை போட்ட அம்மாக்கள், பாட்டிகள் எத்தனை பேர். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் அதிகம், குறிப்பாகப் பெண்களிடம். கதிர்வீச்சுக் கொடுத்துப் புற்று அடங்கிச் சில மாதமோ வருடங்களோ கழித்துத் தாடை வலிக்கும், பல் பிடுங்கிய இடம் ஆறாது, எலும்பு வெளியே தெரியும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்குச் சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் எரிச்சல், ரத்தப்போக்கு. இவை கதிர்வீச்சில் ரத்தக் குழாய்கள் செத்துப்போனதால் வரும் வலிகள். அழுத்த ஆக்சிஜன் அந்தக் குழாய்களைத்தான் மீண்டும் வளர்க்கிறது. வடக்கு ஐரோப்பாவின் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சால் சிறுநீர்ப்பை கெட்டவர்களுக்கு 30 முதல் 40 தடவை கொடுத்ததில் வழக்கமான கவனிப்பைவிடத் தெளிவான பலன் கிடைத்தது. கதிர்வீச்சு எடுத்த அம்மாவுக்கு இப்படி வலி இருந்தால், 'வயசானா அப்படித்தான்' என்று விடாதீர்கள். புற்றுநோய் கிளினிக்கின் அடுத்த தேதியில் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "டாக்டர், இதற்கு ஹைப்பர்பாரிக் பொருந்துமா?"

சர்க்கரைக் காரர்களின் ஆறாத கால்புண் இன்னொன்று. 2019இல் நாடு தழுவிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம். கால்புண்ணுக்கு அறை உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆறு வாரத்தில் ஆறுவது கூடுகிறது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது என்பதுதான் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது. ஆகவே புண் சுத்தம், ரத்த ஓட்டப் பரிசோதனை, சர்க்கரைக் கட்டுப்பாடு, பாதத்துக்கு ஓய்வு எல்லாம் நடக்கும்போது கூடுதலாகச் சேர்ப்பதற்கு அது. அவற்றுக்குப் பதிலாக இல்லை.

அரசாங்க வழி

இப்போது எதிர்த்தட்டு. சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். அவர் கடிதம் கொடுத்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கவும் சில வெள்ளிதான். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மயக்க மருந்துத் துறையின்கீழ் வலி கிளினிக் என்றே தனியாக நடக்கிறது. இது இருப்பது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்த மாதிரி வலி உள்ளவர் "எனக்கு வலி கிளினிக்குக்கு ரெஃபரல் வேண்டும் டாக்டர்" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அங்கே என்ன தருவார்கள்? நரம்பு வலி என்றால் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவை. இதில் இரண்டு, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரைகள். அதைக் கேட்டதும் "எனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வலியைக் கடத்தும் நரம்புகளின்மேல் அவற்றுக்குத் தனி வேலை உண்டு, அதற்காகக் கொடுக்கிறார்கள். குறையும் உண்டு: மயக்கம், வாய் உலர்தல், வயதானவர்கள் இரவில் கழிவறைக்கு எழும்போது விழுந்துவிடும் ஆபத்து. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டச் சொல்வது அதனால்தான்.

எல்லாவற்றையும்விடச் சான்று வலுவாக இருப்பது உடற்பயிற்சிக்கு. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் அமைப்பு ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில், 'வலுவாக' ஆதரித்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. காரணம் தெளிவாகத் தெரியாத நாள்பட்ட வலிக்கு பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: பயிற்சி, மனப் பயிற்சி, அக்குபங்சர், சில மனச்சோர்வு மாத்திரைகள். பனடோலும் வலி மாத்திரைகளும் அந்த வகை வலிக்குத் தொடங்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

தோட்டத்தில் உழைத்தவரிடம் உடற்பயிற்சி செய் என்றால் கோபம் வரும். "நாப்பது வருஷம் செஞ்சது பத்தாதா?" நியாயமான கோபம். ஆனால் அந்த வேலை ஒரே பக்கத்தை ஒரே மாதிரி வருத்தியது. பிசியோ சொல்லித் தருவது, வருந்தாமல் கிடந்த தசைகளை மெல்ல எழுப்புவது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். முதல் இரண்டு வாரம் வலி கூடினாலும் கூடும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து சேர்ந்து செய்தால் நிலைக்கும்; பேரப்பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

செலாயாங் மருத்துவமனையின் வலி மருத்துவர்கள் 'மெனாங்' என்ற பெயரில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கி நடத்தினார்கள். பிசியோ, மனநல நிபுணர், வலி மருத்துவர் எல்லோரும் சேர்ந்து, வலி இருந்தாலும் வாழ்க்கையை மீட்டெடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பது அது. இதுபோன்ற பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று வலி கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். வலி முழுதும் போகும் என்று யாரும் அங்கே வாக்குக் கொடுக்க மாட்டார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த வழியின்மேல் மரியாதை.

குறை என்னவென்றால் காத்திருப்பு. நிபுணரின் தேதி சீக்கிரம் கிடைக்காது, போன அன்றும் அரை நாள் போய்விடும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் வேறு வாசலுக்குப் போகிறார்கள். உருட் எனும் மலாய் மசாஜும், சீன்சே எனும் சீன வைத்தியரின் அக்குபங்சரும் தசை வலிக்குச் சுகம் தரும். 2007 முதல் சில அரசாங்க மருத்துவமனைகளிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. அதற்கு நான் எதிரி இல்லை. நான் பயப்படுவது, பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பெயரில்லாத போத்தலில் விற்கும் ஜாமு எனும் மூலிகை மாத்திரைக்கு. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டே நாளில் வலி மாயமாகும், பிறகு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். அரசாங்கப் பதிவைக் காட்டும் மால் எண்ணும் ஹாலோகிராமும் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர் டைக்லோஃபினாக்கைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகம் கெடும்.

வேலையில் அடிபட்டு வந்த வலி என்றால் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவை மறக்கக் கூடாது. விபத்தை முறையாகப் பதிந்திருந்தால் சிகிச்சையும் மறுவாழ்வும் அவர்கள் பொறுப்பில் வரும். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் நடக்கிறது, மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமே இருக்கிறது. சொந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

காசும் தூரமும்

அறைச் சிகிச்சையின் விலை இடத்துக்கு இடம் மாறும். ஒரு தடவையின் விலையை மட்டும் சொல்லி வரவழைப்பார்கள்; நீங்கள் அதை நாற்பதால் பெருக்குங்கள். பேச்சுக்கு ஒரு தடவைக்கு 300 வெள்ளி என்றால் 12,000 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஏழு மாதச் சம்பளம் முழுதும் போகும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். போய்வர 60, நாற்பது தடவைக்கு 2,400 கிலோமீட்டர். கார் ஓட்ட மகனோ மருமகளோ எட்டு வாரம், வாரம் ஐந்து நாள் லீவு போட வேண்டும். இந்தக் கணக்கை விளம்பரத்தில் போட மாட்டார்கள், வீட்டில்தான் போட வேண்டும். முழங்கால் வலிக்காக இதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாடை எலும்பு அழுகிய அம்மாவுக்காக என்றால், பள்ளிவாரியமோ கோயில் நிர்வாகமோ கை கொடுக்கட்டும், நானும் கூட நிற்பேன்.

இதில் இன்னொரு சரக்கும் கலந்திருக்கிறது. பெரிய பை போல ஊதிப் பெருக்கும் மென்மையான அறை. அழகு நிலையங்களிலும் ஆரோக்கிய நிலையங்களிலும் வைத்து, 'ஆக்சிஜன் தெரபி' என்று சொல்வார்கள். இவற்றின் அழுத்தம் பெரும்பாலும் 1.3 மடங்குதான். அதில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் கிடைக்கும் ஆக்சிஜன், வெளியே உட்கார்ந்து 27 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த காற்றை இழுப்பதற்குச் சமம். துருக்கியிலும் இஸ்ரேலிலும் கண்ட பலனைக் காட்டி இந்தப் பையை விற்பது அநியாயம். வலிக்காக வந்து விசாரிப்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்கிறேன்: வேண்டாம்.

உண்மையான அறையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அதிகம் வருவது காது வலி. விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல அடைக்கும், சரியாகச் சமன் செய்யாவிட்டால் செவிப்பறை கிழியலாம். பல தடவை போனால் கிட்டப்பார்வை தற்காலிகமாகக் கூடும். அரிதாக வலிப்பு வரும். சர்க்கரைக் காரர்களுக்கு அறைக்குள் சர்க்கரை இறங்கலாம், ஆகவே உள்ளே போகும் முன் ஊசி குத்திப் பார்க்காத இடம் நல்ல இடம் இல்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருந்தால், அதற்கு மருத்துவம் செய்யும்வரை உள்ளே போகவே கூடாது. வருடக்கணக்கில் சிகரெட் பிடித்து மூச்சிரைக்கும் அண்ணன்மார்களுக்கு எக்ஸ்ரேயும் நுரையீரல் பரிசோதனையும் எடுக்காமல் 'படுங்க' என்று சொல்லும் இடத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

தீ மிகப் பெரிய பயம். அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். 1997இல் மிலான் நகரில் அறை தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுக் குழந்தை இறந்தது. அதனால் உள்ளே பருத்தி உடை மட்டும்தான். கைப்பேசி, பவர்பேங்க், லைட்டர் எதுவும் கூடாது. எண்ணெயும் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய், முட்டிக்குக் கோடாலித் தைலம் இல்லாமல் வெளியே கிளம்பாதவர்கள் நாம். இரண்டையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அறைக்குப் போகும் முன் இதைக் கேட்டுச் சோதிக்கிறார்களா என்று கவனியுங்கள்; கேட்காவிட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

யாருக்கு எது

மூட்டுத் தேய்மானமும் இடுப்பு வலியும் உள்ளவர் அரசாங்க கிளினிக், பிசியோ, எடை குறைப்பு, வலி கிளினிக் என்ற வரிசையில் போகட்டும். அறைக்குச் செலவிட நினைத்த பணத்தில் ஒரு பங்கை வைத்து நல்ல காலணி, உயரமான நாற்காலி, கழிவறையில் பிடிமானக் கம்பி வாங்கினாலே வித்தியாசம் தெரியும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போய் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். பாத எரிச்சல்காரர் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு, நரம்பு மாத்திரையைப் பொறுமையாகச் சாப்பிடட்டும். கதிர்வீச்சுக்குப் பின் வலி உள்ளவரும், நல்ல கவனிப்பு நடந்தும் கால்புண் ஆறாதவரும் அறையைப் பற்றி இன்றே தங்கள் மருத்துவரிடம் கேட்கட்டும். சி.ஆர்.பி.எஸ். உள்ளவர் பிசியோவை விடாமல், வலி நிபுணரின் கடிதத்தோடு யோசிக்கலாம்.

ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்குத்தான் முடிவு கடினம். மருந்தும் பயிற்சியும் உண்மையாகவே செய்து பார்த்தும் தேறாமல், பணமும் இருந்து, கூட்டிப்போக ஆளும் இருந்தால், நான் தடுக்க மாட்டேன். கடன் வாங்கிப் போவதைத் தடுப்பேன். போவதென்றால் தனியார் சுகாதார நிலையச் சட்டத்தின்கீழ் உரிமம் உள்ள இடமா, கருவி மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிந்ததா, சிகிச்சை நேரம் முழுக்க மருத்துவர் அருகில் இருப்பாரா என்று கேளுங்கள். நாற்பது தடவைக்கும் முன்பணம் கட்டாதீர்கள். முதல் நாளே வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று எழுதி வையுங்கள். துருக்கி ஆய்வுகளில் 15 தடவையிலேயே மாற்றம் தெரிந்தது. நீங்களும் பதினைந்தாவது தடவை முடிந்ததும் அதே மூன்றையும் மறுபடி எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்றம் இல்லையென்றால் பதினாறாவது தடவைக்குப் போக வேண்டாம்.